சிவப்பு ஊசியும் 17 சான்றிதழ்களும்

செவிலியர் பதிவைப் புதுப்பிக்கும் வேலைக்காகப் போன மாதம் பீரோவின் அடித்தட்டிலிருந்து நீலக் கோப்பை வெளியே எடுத்தேன். தொடர் கல்வி வகுப்புகளில் உட்கார்ந்ததற்கான சான்றிதழ்களை எண்ணினால் 17 இருந்தன. கை கழுவும் முறைக்கு மட்டும் நான்கு. ஒன்றில் என் பெயரை ஆண் பெயராக அச்சடித்திருந்தார்கள். இன்னொன்றில் அன்றைய மதியச் சாப்பாட்டுச் சாம்பாரின் கறை அப்படியே இருந்தது. என் பணிக்காலத்தில் நான் செய்த மிக மோசமான தவற்றை இந்த 17இல் ஒன்றுகூடத் தடுத்திருக்காது என்று தோன்றியது. அந்தத் தவற்றைப் பற்றி எழுத நான்கு ஆண்டுகளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இன்று இரவுப் பணி இல்லை, மகனும் தூங்கிவிட்டான். எழுதிவிடுகிறேன்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ். முதல் 11 ஆண்டுகள் பிரசவ வார்டு. எனக்கு இரத்தப்போக்கு தெரியும், வலிப்பு தெரியும், குழந்தையின் தலை எப்போது திரும்பும் என்று தாயின் முகத்தைப் பார்த்தே சொல்லத் தெரியும். 2021இல் என்னைப் பகல்நேரக் கீமோ வார்டுக்கு, அதாவது புற்றுநோய் மருந்தை ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் வார்டுக்கு, மாற்றினார்கள். ஆணை வெள்ளிக்கிழமை மாலை வந்தது. திங்கட்கிழமை காலை பொறுப்பேற்க வேண்டும். இடையில் எனக்குக் கிடைத்த பயிற்சி, ஒரு சனியும் ஒரு ஞாயிறும்.

ஆறு கட்டில்கள். மதுரையிலோ சென்னையிலோ அறுவைச் சிகிச்சை முடித்து, முதல் ஊசியையும் அங்கேயே போட்டுக்கொண்டு, மீதியை ஊர்ப்பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்று கையில் ஒரு தாளோடு வருபவர்கள்தான் எங்கள் நோயாளிகள். கொரோனா காலம் வேறு. பேருந்தில் நான்கு மணிநேரம் வாந்தியோடு போய்வருவதை விட இது எவ்வளவோ மேல். கீமோ என்ற சொல்லை அவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஊசி என்பார்கள். கதிர்வீச்சுக்குக் கரண்ட். “எனக்கு எட்டு ஊசி, அப்புறம் கரண்ட் வைக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள் சிஸ்டர்” என்று ஒருவர் சொன்னால், அதில் ஏறக்குறைய ஓர் ஆண்டு வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் டாக்சோரூபிசின் ஒன்று. பார்க்க ரோஸ்மில்க்கைவிடக் கொஞ்சம் அடர்த்தியான சிவப்பு. எல்லோருக்கும் அது சிவப்பு ஊசி.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம். பூக்கட்டும் அம்மா ஒருவர், ஐம்பது வயது தாண்டியவர். இடது பக்க அறுவைச் சிகிச்சை ஆனவர், ஆகவே வலது கையில்தான் ஊசி குத்த வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை. புறங்கையில் ஒன்று தட்டுப்பட்டது, அதில் வென்ஃப்ளான் என்ற சிறு ஊசிக்குழாயைப் போட்டுச் சிவப்பு மருந்தை ஏற்றத் தொடங்கினேன். பாதி போயிருக்கும். “எரிகிறது தாயி” என்றார். “கொஞ்சம் எரியும் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். பிரசவ வார்டில் 11 ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய வார்த்தை அது. அங்கே அந்த வார்த்தை பெரும்பாலும் உண்மை. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் புறங்கை வீங்கியிருந்தது.

சாதாரண டிரிப் வெளியே கசிந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். குழாயை மூடினேன். வென்ஃப்ளானை உருவினேன். பஞ்சை வைத்து அழுத்தினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அந்த நான்கில் முதலாவது மட்டும்தான் சரி.

சரியான முறை இதுதான். கசிந்தது தெரிந்தவுடன் மருந்தை நிறுத்த வேண்டும். ஆனால் ஊசிக்குழாயை உருவக் கூடாது. அதே குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி, உள்ளே தேங்கியிருக்கும் மருந்தை எவ்வளவு வருமோ அவ்வளவு உறிஞ்சி எடுக்க வேண்டும். அதன்பிறகுதான் உருவ வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் மருந்து சுற்றியுள்ள சதைக்குள் பரவும். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தை எழுத வேண்டும். கையை உயர்த்தி வைக்க வேண்டும். டாக்சோரூபிசினுக்கு ஐஸ் ஒத்தடம். ஒரு முறைக்கு 15, 20 நிமிடம், நாளுக்கு நான்கு முறையாவது. வின்கிரிஸ்டின் என்ற மருந்து கசிந்தால் இதற்கு நேர்மாறாக வெதுவெதுப்பான ஒத்தடம். முன்னதைக் குளிரால் இருந்த இடத்திலேயே கட்டிப்போட வேண்டும், பின்னதைச் சூட்டால் கலைத்து ஓடச் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டிலுமே கேடு.

சிவப்பு மருந்து ஏன் இவ்வளவு பொல்லாதது என்பதைப் பின்னர்தான் படித்தேன். அது செல்லின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் செத்ததும் அதிலிருந்து வெளியேறிப் பக்கத்துச் செல்லுக்குள் நுழைகிறது. அதனால்தான் புண் அன்றைக்கே தெரிவதில்லை. ஒரு வாரம் கழித்துக் கொப்புளம், பிறகு கறுப்பு, பிறகு குழி. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. ஆற மூன்று மாதத்திற்கு மேல் ஆயிற்று. நாரைப் பிடித்துப் பூவை வைத்துச் சுண்டி முடிச்சுப் போடும் கை அது. முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்த மூன்று மாதக் கூலியை நான் இன்னும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, போட்டுப் பார்க்கத் தைரியமும் இல்லை.

எனக்கு மெமோ வரவில்லை. என்னை யாரும் திட்டவில்லை. யாராவது கேட்டிருந்தால் எதைச் செய்யத் தவறினேன் என்பதாவது அன்றே தெரிந்திருக்கும். “இந்த ஊசியில் இதெல்லாம் சகஜம்” என்றார்கள். அந்தச் சமாதானம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அதன்பிறகு பயிற்சி வேண்டும் என்று நானே எழுதிக் கேட்டேன். ஆறு மாதம் கழித்துச் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டு வாரம் கிடைத்தது. முதல் எட்டு நாள் குளிரூட்டிய அறையில் ஸ்லைடுகள். எல்லாம் ஆங்கிலம். செல் சுழற்சியின் கட்டங்களை ஒரு மருத்துவர் மிக அழகாக விளக்கினார், நானும் அழகாகக் குறித்துக்கொண்டேன். இன்றுவரை அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. கடைசி நான்கு நாள் வார்டில் விட்டார்கள். அங்கேதான் படித்தேன்.

அந்த வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டருக்கு ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே இருந்தன. அவர் வகுப்பு எடுக்கவே இல்லை. முதல் நாள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து ஏறும் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். “முதல் 15 நிமிடம் உன் இடம் இதுதான். போன் வந்தாலும் எழாதே. ரவுண்ட்ஸ் வந்தாலும் எழாதே” என்றார். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் வரும். முகம் சிவக்கும், முதுகு வலிக்கிறது என்பார்கள், மூச்சு திணறும். உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் அது தெரியும். மேசையில் எழுதிக்கொண்டிருப்பவளுக்குத் தெரியாது.

ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை உப்புநீரில் கலக்கக் கூடாது, குளுக்கோஸ் பாட்டிலில்தான் கலக்க வேண்டும் என்பதை அவர் சொல்லித் தந்த முறையும் மறக்காது. இரண்டு பாட்டிலையும் நீட்டி “எது?” என்றார். நான் பழக்கத்தில் உப்புநீரைத் தொட்டேன். ஒன்றும் சொல்லாமல் அந்தப் பாட்டிலைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் மிட்டாயைப் பிடுங்குவதுபோல. அவ்வளவுதான் பாடம்.

வின்கிரிஸ்டின் விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தினார். அது நரம்பு வழியாக இரத்தத்துக்குள் போக வேண்டிய மருந்து. இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்குச் சில நாட்களில் முதுகுத்தண்டு வழியாகவும் வேறொரு மருந்து போட வேண்டியிருக்கும். இரண்டும் சிரிஞ்சில் ஒரே மேசையில் இருந்து, கை மாறி வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டுக்குள் போனால் அநேகமாக மரணம்தான். உலகின் பல நாடுகளில் நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே எச்சரித்தது. சிரிஞ்சில் எடுக்காதீர்கள், சிறிய டிரிப் பையில் கலந்து வையுங்கள், பையை முதுகில் குத்த யாருக்கும் தோன்றாது என்பது யோசனை. மனிதர் கவனமாக இருப்பார் என்று நம்பி உட்காராமல், தவறே செய்ய முடியாதபடி பொருளையே மாற்றி வைப்பது. எங்கள் வார்டில் குழந்தைகள் இல்லை, ஆனாலும் அன்றிலிருந்து பையில்தான் கலக்கிறோம்.

ஊருக்குத் திரும்பியபிறகு ஒரு பெரிய பள்ளம் கண்ணில் பட்டது. நான் படித்ததெல்லாம் எனக்குப் புரிந்தது. நோயாளியிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று எந்தப் பயிற்சியும் சொல்லவில்லை.

ஓர் உதாரணம். ஆக்சாலிபிளாட்டின் போட்டுக்கொண்டவர்களுக்குச் சில நாட்கள் குளிர் ஆகாது. விரல் நுனி குத்தும், தொண்டை அடைப்பதுபோல இருக்கும். ஸ்லைடில் ‘ஃபிரிட்ஜில் உள்ளதைத் தொட வேண்டாம், ஐஸ் வேண்டாம்’ என்று இருந்தது. நானும் கிளிப்பிள்ளைபோல அதையே சொல்லி அனுப்பினேன். குடல் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு விவசாயி மறுநாள் காலை பதறிக்கொண்டு போன் செய்தார், தொண்டையை யாரோ பிடிப்பதுபோல இருக்கிறதாம். “ஐஸ் தண்ணீர் குடித்தீர்களா அய்யா?” என்றேன். “எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாதம்மா” என்றார். மண்பானைத் தண்ணீர் குடித்திருக்கிறார். மார்கழிக் காலையில். இப்போது நான் சொல்வது: பானைத் தண்ணீர் வேண்டாம், காலையில் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவ வேண்டாம், பழைய சோறும் நீராகாரமும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். இந்த வரி எந்தக் கையேட்டிலும் இல்லை.

சிவப்பு ஊசி போட்டால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், இரத்தமல்ல. இதைச் சொல்லாமல் அனுப்பினால் இரவு 11 மணிக்கு ஒரு குடும்பமே ஆட்டோ பிடித்து வந்து நிற்கும். வந்து நின்றிருக்கிறது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது காய்ச்சல். ஊசி போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளையணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த ஒரு மணிநேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். எங்கள் ஊரில் நடப்பது என்ன? மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்பார்கள். சீழ் தெரியாது, சளி தெரியாது, எதிர்த்துப் போராட அணுக்கள் இருந்தால்தானே அவையெல்லாம் தெரியும். ஆகவே நான்கு வரியில் ஒரு அட்டை அடித்தேன், என் செலவில், ஊரில் உள்ள ஒரு அச்சகத்தில் 500 அட்டை:

“எனக்குப் புற்றுநோய் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைசி ஊசி போட்ட தேதி ______. எனக்குக் காய்ச்சல் இருந்தால் வரிசையில் நிறுத்தாமல் உடனே பார்க்கவும். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.”

அச்சகக்காரர் கல்யாணப் பத்திரிகை மிச்சத் தாளில் அடித்துக் கொடுத்துவிட்டார். ஓரமெல்லாம் தங்கக் கோடு. பரவாயில்லை, யாரும் தொலைப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளாக மாதம் இருமுறை வியாழக்கிழமை மதியம் காணொளிக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்கிறோம். எக்கோ என்ற முறை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003இல் தொடங்கியது. அவரைப் பார்க்க நோயாளிகள் எட்டு மாதம் காத்திருந்தார்கள், நூற்றுக்கணக்கான மைல் வந்தார்கள். நோயாளியை வரவழைப்பதற்குப் பதிலாக, அந்தந்த ஊரில் இருக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் தனக்குத் தெரிந்ததை வீடியோவில் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். இதில் பெரிய விரிவுரை இல்லை. யாராவது ஒருவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் எட்டு மாதம் நான் மைக்கை அணைத்துவைத்து உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். புரியாமல் இல்லை, பேச வாய் வரவில்லை. ஒரு நாள் மலையடிவார ஊரிலிருந்து ஒரு கிராம சுகாதார செவிலியர் இணைந்திருந்தார். பெரிய நிபுணர் ஒருவர் வாய்ப்புற்றுநோயின் முன்னறிகுறிகளைச் சொல்லி முடித்ததும், அந்தப் பெண் தமிழில் கேட்டார்: “சார், வெற்றிலைபாக்குப் போடும் பாட்டியிடம் வாயைத் திறவுங்கள் என்றால் சிரிக்கிறார்கள். பல் இல்லை என்று வெட்கப்படுகிறார்கள். நான் என்ன செய்ய?” நிபுணரிடம் பதில் இல்லை. எனக்கு இருந்தது. மைக்கைத் திறந்தேன். “முதலில் வெற்றிலைப்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் புகையிலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் அடக்கிக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். அவர்களே கன்னத்தை இழுத்துக் காட்டுவார்கள்” என்றேன். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் பாதி தமிழில் நடக்கிறது.

அந்தக் கூட்டத்தில்தான் திண்டுக்கல் ஆய்வைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கோபமே வந்தது. சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனை ஒன்றும், பிரான்சில் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. 114 ஊர்த் தொகுப்புகளை இரண்டாகப் பிரித்தார்கள். 57இல் பரிசோதனை, மீதி 57இல் வழக்கமான சிகிச்சை மட்டும். பரிசோதனை என்பது கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று வெறும் கண்ணால் பார்ப்பது. சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். 30 முதல் 59 வயதுவரையுள்ள 31,343 பெண்களைப் பரிசோதித்தார்கள். பரிசோதித்தவர்கள் செவிலியர்கள். சந்தேகமுள்ள இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்ததும் செவிலியர்கள். முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்தது, அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. ஆய்வை வழிநடத்தியவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன்.

2007இல் நான் அங்கிருந்து இரண்டு மணிநேரப் பேருந்துத் தூரத்தில் மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி. புளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் விளக்கேந்திய கதையைப் பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மாவட்டத்தில் என்னைப் போலச் சேலை கட்டிய, என்னைப் போலத் தமிழ் பேசிய செவிலியர்கள் உலகமே திரும்பிப் பார்த்த வேலையைச் செய்து முடித்திருந்தார்கள். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 15 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம், போகிறபோக்கில் தெரிந்துகொள்கிறேன். செய்தி என்பது யாருக்கு முதலில் போகிறது, யாருக்குக் கடைசியில் வருகிறது என்பதைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. எழுதினால் மெமோ வரும்.

2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் வரும், அந்த ஓராண்டில் மட்டும் 200 என்று அறிவித்தார்கள். அன்று மாலை என் நாத்தனார் போன் செய்து வாழ்த்தினார், ஏதோ நான்தான் அறிவித்ததுபோல. நல்ல செய்திதான், மறுக்கவில்லை. கட்டிலும் சாய்வு நாற்காலியும் ஒரு டெண்டரில் வந்துவிடும். ஒரு மையத்துக்கு நான்கு செவிலியர் என்று வைத்தாலும் 800 பேர் வேண்டும். அந்த 800 பேரில் எத்தனை பேருக்கு வெள்ளிக்கிழமை ஆணை வந்து திங்கட்கிழமை சிவப்பு ஊசி கையில் வரப்போகிறது?

எங்கள் வார்டில் போன வாரம் ஒருத்தி சேர்ந்தாள். அவளும் பிரசவ வார்டிலிருந்துதான் வந்தாள். முதல் மூன்று நாள் அவளை எந்த மருந்தையும் தொட விடவில்லை. மருந்து சிந்தினால் எடுக்கும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைக்கச் சொன்னேன். பிறகு சிவப்பு மையைத் தண்ணீரில் கலந்து தரையில் நானே கொட்டினேன். இரண்டு கையுறை, அங்கி, கண்ணாடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைப்பது. முதல்முறை நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து அறை முழுவதும் சிவப்பாக்கிவிட்டாள். துப்புரவுப் பணியாளர் அக்கா என்னைத்தான் முறைத்தார். இரண்டாம்முறை சரியாகச் செய்தாள். நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில் எனக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கசிவைப் பற்றிப் பேசப்போகிறேன், என் தவற்றிலிருந்தே தொடங்கி. அதற்கு அந்தப் புறங்கையின் புகைப்படம் வேண்டும். பூக்கட்டும் அம்மா ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வருகிறார், நன்றாக இருக்கிறார். நேற்று வந்தபோது விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். நடந்தது என் தவறு என்பதையும் அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அன்றைக்கு எரிகிறது என்றேனே, தாயி” என்றார்.

“ஆமாம் அம்மா. நான் கேட்கவில்லை.”

“முகம் வேண்டாம். கை மட்டும் எடு. இரண்டு கையையும் எடு, நல்ல கையும் அவர்களுக்குத் தெரியட்டும்.”

எடுத்தேன். வலது கையைச் சற்றுத் திருப்பி, தழும்பு வெளிச்சத்தில் படும்படி அவரேதான் வைத்துக் காட்டினார்.